ஏகாம்பரத்திடம் கேட்ட கேள்வி

1

நம் தண்டையார்பேட்டை வாசகசாலை ஆண்டு மலருக்குச் சீமை வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பனியைப் பற்றியும் ராணியைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பனி விழுந்த அரை மணி நேரம் அழகாக இருக்கிறது, அப்புறம் வெறும் சேறு. ராணியை நான் பார்த்ததில்லை. ஆகவே இந்த வருஷம் எனக்கு நேர்ந்த வேறொன்றை எழுதுகிறேன். இதில் சாவைப் பற்றிய பேச்சு வரும். ஆனால் இந்த வருஷம் நடந்ததில் யாரும் சாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைரியமாகப் படிக்கலாம்.

இந்த ஐப்பசியோடு நான் லிவர்பூலுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. என்னைத் தெரியாத புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்: நான் தண்டையார்பேட்டை விஞ்ச் பொன்னுசாமியின் மகள் பாக்கியம். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். நான் ராயபுரத்தில் நர்ஸ் படிப்பு முடித்தேன். கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டரான என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை கிடைத்ததால், மூன்று வயசுச் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கப்பலேறினேன்.

வந்து இறங்கிய அன்று, எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் வேலையில் சேர்ந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் நான் ‘நர்ஸ் பொன்னுசாமி’. திருத்தப் போனால், திருத்துவதற்கு ஒரு படிவம் தந்தார்கள். அதிலும் அதே கட்டங்கள். விட்டுவிட்டேன். இதை அப்பாவுக்கு எழுதினேன். “நம்ம பேரு சீமைல ஊசி போட்டுகினு கீது” என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாராம்.

இந்த ஊர் ஜனங்கள் யாரைப் பார்த்தாலும் ‘லவ்’ என்று கூப்பிடுவார்கள். முதல் வாரம் பஸ் கண்டக்டர் என்னை அப்படிக் கூப்பிட்டதை வீட்டில் சொல்லப்போய், என் வீட்டுக்காரர் அந்தக் கண்டக்டரைத் தேடிக்கொண்டு பஸ் டிப்போவுக்கே போய்விட்டார். அங்கே டிப்போ வாசல் காவல்காரர், “என்ன வேணும், லவ்?” என்று இவரையே கேட்டிருக்கிறார். பேசாமல் திரும்பி வந்தார்.

செல்வி பள்ளிக்கூடத்தில் ‘ஸாலி’ என்று இங்கிலீஷ் பெயருக்கு மாறிவிட்டாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். தாத்தாவின் கடிதத்தை வாசித்துக் காட்டினால், வேறு தேசத்து ரேடியோவைக் கேட்பது போல மரியாதையாகக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறாள்.

2

நான் வேலை செய்யும் வார்டுக்குச் சில சமயம், தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளப் பார்த்துப் பிழைத்தவர்களைக் கொண்டுவருவார்கள். நம் ஊரைப் போலவே இங்கேயும் அது சட்டப்படி குற்றம். போலீஸ்காரர் வந்து விசாரிப்பார். எங்கள் தலைமை நர்ஸான வார்டு சிஸ்டர் சொல்லிவைத்திருந்தது ஒன்றுதான்: அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், தலையணையைத் தட்டிப் போடுங்கள், தட்ப வெப்பத்தைப் பற்றிப் பேசுங்கள். ராயபுரத்திலும் எனக்கு இதையேதான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

போன வருஷம் சர்வகலாசாலையிலிருந்து மிஸ் வின்டர் என்று ஓர் அம்மாள் வர ஆரம்பித்தார். மனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். நாற்பது வயசு இருக்கும். சைக்கிளில் வருவார். கைப்பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும், நோட்டுப் புத்தகம் முழுக்க அதன் தூள். இப்படிப் பிழைத்தவர்களோடு உட்கார்ந்து, என்ன ஆயிற்று, அந்த நேரத்தில் எது கூட இருந்திருந்தால் உதவியிருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்வார். அவர்கள் வீடு திரும்பிய பிறகும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். மறுபடி அந்த நிலைமைக்கு அவர்களைப் போகவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

சுற்றி வளைக்காமல் “நீங்கள் சாக நினைத்தீர்களா?” என்று அவர் கேட்பதைக் கேட்டு, முதல் நாள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். பிறகு தனியாக அவரைக் கேட்டேன்: “இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பையும் உண்டாக்கிவிடாதா?”

“நான் கேட்டு வருகிற நினைப்பு இல்லை அது, நர்ஸ் பொன்னுசாமி” என்றார். “இருந்தால் ஏற்கெனவே இருக்கிறது. நான் கேட்டால் அதை அவர் ஒருத்தராகச் சுமக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு என்னோடு ஒரு பிஸ்கட் சாப்பிடுவார்.”

தலையை ஆட்டினேனே தவிர நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது.

3

என் அண்ணன் சாமிக்கண்ணுவை உங்களுக்குத் தெரியும். மைதானத்தில் சடுகுடு நடந்தால் விசிலோடு நிற்பவர் அவர்தான். திருவொற்றியூர்த் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது தண்டையார்பேட்டைக் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி.

எட்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மழைக்காலத்தில் அவருடைய மூத்த குழந்தை காய்ச்சலில் போயிற்று. அதே மாதம் வேலையும் நின்றது. அண்ணன் சாப்பிடுவதைக் குறைத்தார், தூக்கத்தை விட்டார், விசிலை ஆணியில் மாட்டினார். துக்கம், நாளானால் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒரு நாள் சாயங்காலம் அவர் தன்னை முடித்துக்கொள்ளப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துப் பிடித்துவிட்டார்.

நான் அப்போது வேலை பார்த்த ராயபுரம் ஆஸ்பத்திரிக்குத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்தார். மூன்று நாளும் அண்ணனுக்கு வந்த ரொட்டியை அவர்தான் சாப்பிட்டார். நல்ல மனுஷர், பசி மட்டும் கொஞ்சம் அதிகம். தவறி நடந்துவிட்டது என்று அப்பா யார் யாரிடமோ சொல்லி, கேஸ் இல்லாமல் போனது.

நான் அந்த மூன்று நாளும் அண்ணனின் தலையணையைத் தட்டிப் போட்டேன். மழை விட்டுவிட்டது என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா கேட்கவில்லை, அண்ணி கேட்கவில்லை, தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அவருக்கு மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை, அவ்வளவு குழம்பு. அன்பு இல்லாமல் இல்லை. பேச்சுதான் இல்லை. அப்புறம் அண்ணனுக்கு வேலை கிடைத்தது, இன்னொரு குழந்தை பிறந்தது, விசில் ஆணியிலிருந்து இறங்கியது. பேசாமல் இருந்ததுதான் சரி என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

4

இந்த வருஷம் பங்குனி வாக்கில் வார்டுக்கு ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கப்பல் சமையற்கட்டில் வேலை செய்பவன், முப்பது வயசு. துறைமுகத் தண்ணீரிலிருந்து அவனை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். தோளில் அடி, குளிர் நடுக்கம், வேறொன்றும் இல்லை. விழுந்தானா, விழ நினைத்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘எஸ் சார்’ என்கிறான். “இந்தியாக்காரன்தான், நர்ஸ் பொன்னுசாமி, நீங்கள் பேசிப் பாருங்கள்” என்றார் சிஸ்டர். இந்தியா எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர் வாக்கு பலித்துவிட்டது.

“உங்களுக்கு எந்த ஊர்?” என்று தமிழில் கேட்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“காசிமேடு. நீ?”

“தண்டையார்பேட்டை. உங்கள் பெயர் என்ன? வலி எப்படி இருக்கிறது?”

“பேரு ஏகாம்பரம். தண்டார்பேட்டைன்ற, இன்னாக்கா ரேடியோல சேதி படிக்கிற மாதிரி பேசறே?”

ஆறு வருஷமாக வீட்டுக்காரரோடு பேசுவது போக, என் தமிழுக்கு வேலை கிடையாது. அது சட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. “சரி நைனா, நோவு எப்டி கீது?” என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். வார்டு சிஸ்டர் தூரத்திலிருந்து எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மிஸ் வின்டர் வந்தார். அவர் நாற்காலியை இழுப்பதற்குள் ஏகாம்பரம் என் பக்கமாகத் தலையைச் சாய்த்தான். “அக்கா, வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிடு. போலீஸ் கேஸாயிட்டா என் கப்பல் வேலைப் புஸ்தகத்துல எழுதிடுவான். அப்பால எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டான்.”

மிஸ் வின்டர் தன் கேள்வியைக் கேட்டார். அந்த நேரான கேள்வியை என்னால் தமிழில் சொல்ல முடியவில்லை. “மனசு சரியில்லையான்னு கேக்கறாங்க” என்றேன். “வழுக்கிச்சு” என்றான். “கால் வழுக்கி விழுந்தாராம்” என்று இங்கிலீஷில் சொன்னேன்.

மிஸ் வின்டர் பென்சிலை வைத்தார். “அவர் சொல்வது இதுவா, நாம் எழுத வேண்டும் என்று அவர் விரும்புவது இதுவா?”

எனக்கு முகம் சுட்டது. போர்வையை இழுத்துச் சரி செய்தேன்.

“என் நோட்டுப் புத்தகம் போலீசுக்குப் போகாது என்று அவரிடம் சொல்லுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது, இன்றைக்கு அவரைத் தனியாக விடலாமா என்பதுதான். அப்புறம், நர்ஸ், என் கேள்வியில் ‘சாவு’ என்று ஒரு சொல் இருந்தது. அதை நீங்கள் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.”

தமிழ் தெரியாதவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தைப் பற்றி அவர் சொன்னதை ஏகாம்பரத்திடம் சொன்னேன். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

“ஏகாம்பரம், நீ சாவணும்னு நெனச்சியா?”

அவன் கூரையைப் பார்த்தான். கீழே தெருவில் ஒரு டிராம் போய் ஓய்ந்தது.

“போலீஸு, கேப்டன், டாக்டரு, அல்லாரும் எப்டி வுழுந்தேன்னுதான் கேட்டாங்க” என்றான். “இத்த யாரும் கேக்கலக்கா. ஆமா. நெனச்சேன். ஆனா தண்ணில வுழுந்த அந்த நிமிசமே வோணாம்னு பூட்ச்சு. கத்தினேன். மெய்யாலுமே கத்தினேன்.”

அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. ஊரை விட்டுப் பத்து மாதம். நடுவில் கப்பல் மாற்றிவிட்டார்கள். அவன் கிளம்பிய பிறகு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, முகம் பார்த்ததில்லை. ஐந்து மாதமாக வீட்டிலிருந்து ஒரு கடிதம் கூட இல்லை. கப்பலில் அவன் பாஷை தெரிந்தவர் யாருமில்லை. தூக்கம் போய்விட்டது. “நாம இல்லன்னா அவங்களுக்குப் பாரம் கொறையும்னு ஒரு யோசனை வந்துச்சு. வந்தது போவல. அதுவே சொல்லிகினு கீது” என்றான். நான் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தேன். மிஸ் வின்டர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார்: மறுபடி அந்த யோசனை வந்தால், யாரிடம் சொல்லுவாய்?

ஏகாம்பரம் யோசித்தான். “இந்த அக்காவாண்ட சொல்லுவேன்” என்றான். எனக்கு அன்றைக்கு யாரோ மெடல் குத்திவிட்டது போலிருந்தது.

5

முதல் நாளே விசாரித்துவிட்டுப் போன போலீஸ் ஸார்ஜென்ட் மத்தியானம் மறுபடி வந்தார். பெரிய மீசை. யாராவது பார்த்தார்களா என்று கேட்டார், யாரும் இல்லை. “தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டார், சிகிச்சையில் இருக்கிறார். இரண்டும் உண்மை, அதை எழுதிக்கொள்கிறேன். கோர்ட்டுக்கு இழுத்தால் அந்த மனுஷனுக்குக் குணமாகிவிடுமா என்ன” என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஏகாம்பரத்தின் கப்பல் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், வேறு கப்பலில் ஊருக்கே அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடிதம் வராதது என்னை உறுத்தியது. என் விடுமுறை நாளில் மிஸ் வின்டரும் நானும் கப்பல் ஆபீசுக்குப் போனோம். ஏகாம்பரம் என்ற பெயரில் எதுவும் இல்லை என்றார் குமாஸ்தா. எனக்கு என் படிவம் ஞாபகம் வந்தது. “பேரை உடைத்துத் தேடுங்கள்” என்றேன். வேண்டாவெறுப்பாகத் தேடினார். பாரம் என்ற தலைப்பில், ‘மிஸ்டர் ஏகா பாரம்’ என்று மேலே எழுதி, ஆறு கடிதங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். “இந்த மிஸ்டர் பாரம் வந்து வாங்கிக்கொள்ளவே இல்லை” என்று அவர் எங்களைக் குறை சொன்னார். மிஸ் வின்டர் அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

ஆறையும் ஏகாம்பரம் எழுத்துக் கூட்டிப் படித்தான். குழந்தைக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. குப்புற விழுகிறது. பெயர் வைக்காமல் அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். அழுதான், பிறகு பசிக்கிறது என்றான். எல்லாம் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். “கடிதம் கிடைத்தது நல்லது. ஆனால் நாளைக்கும் கேளுங்கள், நாளை மறுநாளும் கேளுங்கள்” என்றார் மிஸ் வின்டர்.

கேட்டேன். “இன்னிக்கு அந்த நெனப்பு வந்துச்சா?”

“காலைல கொஞ்சம் வந்துச்சுக்கா. அப்பால ஓட்ஸ் கஞ்சி குட்த்தாங்க பாரு, அது மேல வந்த கோவத்துல இது பூட்ச்சு.”

தினமும் கேட்டேன். தினமும் சொன்னான். சில நாள் ‘வந்துச்சு’, பல நாள் ‘வரல’. துறைமுகத்துக்குப் பக்கத்தில் விடுதி வைத்திருக்கும் ராயபுரத்து மஸ்தான் பாய் சேதி கேட்டு வந்தார். நான் வேலைக்கு வராத நாட்களில் அவர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து உட்கார்ந்து, “இன்னிக்கு எப்டி கீது தோஸ்து?” என்று அதே கேள்வியைக் கேட்டார். மிஸ் வின்டர் சொல்லிக்கொடுக்காமலே அவருக்கு அது வந்தது.

கப்பலேறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரத்தை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். அவனே சமையலறையில் புகுந்து, இந்த ஊர் மீனில் காசிமேட்டுக் குழம்பு வைத்துவிட்டான். செல்வி அவன் காலடியிலேயே சுற்றினாள். இரண்டு மணி நேரத்தில் நான் ஆறு வருஷத்தில் சொல்லிக்கொடுத்ததைவிட அதிகமாக அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. இப்போது சாப்பிடக் கூப்பிட்டால், “இன்னாத்துக்கு?” என்று மாடியிலிருந்து குரல் கொடுக்கிறாள். பாடப் புத்தகத் தமிழ் கற்றுக்கொடுக்க நினைத்திருந்த என் வீட்டுக்காரருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

அவன் ஊர் போய்ச் சேர்ந்து கடிதம் போட்டான். குழந்தைக்குச் சாந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடந்ததை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “எழுதுக்கா, என்னை மாதிரி இன்னொருத்தன் படிப்பான்” என்று பதில் வந்தது.

6

‘இத்த யாரும் கேக்கலக்கா’ என்று அவன் சொன்னதிலிருந்து எனக்கு அண்ணனின் முகம் வந்துகொண்டே இருந்தது. மூன்று நாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம். மழை விட்டுவிட்டது என்று நான் சொன்னபோது அது எதற்குக் காத்திருந்தது என்று எனக்கு இப்போது தெரிந்தது.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவது கடிதத்தில் நலம் விசாரிப்பு எதுவும் வைக்காமல் எழுதினேன்: “அண்ணே, எட்டு வருஷத்துக்கு முந்தி நீ சாகணும்னு நினைச்சப்போ உன் மனசுல என்ன இருந்ததுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கப் பயந்துட்டேன். இப்போ கேக்கறேன். அந்த நினைப்பு இன்னும் வருதா?”

மலருக்கு எழுதப்போவதை அடியில் ஒரு வரி சேர்த்தேன். தபாலில் போட்ட பிறகு ஒரு மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆறின புண்ணைக் கிளறிவிட்டேனோ என்று பயம். பிறகு அண்ணனின் பதில் வந்தது, கிடங்கு ரசீதுத் தாளின் முதுகில், கோணல் எழுத்தில்.

“பாக்கியம், உன் லெட்டரைப் படிச்சுட்டு உன் அண்ணியாண்ட குட்த்தேன். ரெண்டு பேரும் ஒரு மத்தியானம் பூரா குந்திகினு பேசினோம். எட்டு வருஷத்துல மொத தடவை. கொழந்தை போனதுக்கு நாந்தான் காரணம்னு நெனச்சுகினு இருந்தேன். டாக்டராண்ட ஒரு நாள் முன்னாடி போயிருக்கணும்னு. அவளும் தாந்தான் காரணம்னு நெனச்சுகினு இருந்திருக்கா. எனக்குத் தெரியாது. நீ கேட்டதுக்குப் பதிலு: ரெண்டு மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தபா வந்துச்சு. நம்ம கிடங்கு முனுசாமியாண்ட சும்மா போய் நின்னேன். அவன் சடுகுடு பேசினான். அது போதுமா இருந்துச்சு அன்னிக்கு. இனிமே வந்தா அண்ணியாண்ட சொல்றதுன்னு பேசி வெச்சுக்கினோம்.

வாசகசாலை மலருக்கு எழுதறேன்னு சொல்றியே, என்னப் பத்தியும் எழுது. பேரு போட்டே எழுது. தெருவுல அல்லாருக்கும் தெரியும், அல்லாரும் தெரியாத மாதிரியே எட்டு வருஷமா கீறாங்க. அவங்களுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு.

கடசியா ஒண்ணு. என்னக் கேட்டியே, உன்ன அங்க யாராவது கேக்கறாங்களா? நீ எப்டி கீறே? நல்லா கீறேன்னு எழுதாத. ஆறு வருஷமா அதான் எழுதிகினு கீறே.”

அன்று எனக்குச் சாயங்கால வேலை. காலை முழுக்க இருந்தது. சிரித்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். எழுத ஆரம்பித்ததும் இங்கே வந்த முதல் குளிர்காலம் நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் பட்டறைக்குப் போன பிறகு, இருமிக்கொண்டிருந்த செல்வியோடு ஜன்னல் ஓரம் நிற்பேன். நாள் கணக்கில் வீட்டுக்காரரைத் தவிர ஒரு பெரியவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். சாக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று பல நாள் தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஏழு பக்கம் ஆனது.

வீட்டுக்காரர் அன்றைக்குப் பட்டறையில் வேலை இல்லாமல் சீக்கிரமே வந்தார். யாருக்கு இவ்வளவு நீளம் என்று கேட்டார். தாள்களை அவரிடமே கொடுத்தேன். நின்றபடி படிக்க ஆரம்பித்தவர், இரண்டாம் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

“இது எப்போ?” என்றார்.

“வந்த மொத வருஷம்.”

“என்னாண்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

அவர் தாள்களை மடித்து வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். எந்த டப்பாவில் சர்க்கரை என்று தெரியாமல் அது இல்லாமலே போட்டிருந்தார். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “சரி, இப்போ எப்டி கீறே?” என்று கேட்டார்.

சொன்னேன். வேலைக்குப் போகிற பஸ் வரும் வரைக்கும் சொன்னேன்.